மறு: மூங்கிலுக்கு "வெட்டு வலிமை" சரியா?

> ஷியர், ஸ்ப்ளிட்டிங் ரெண்டுக்குமே வெட்டு வலிமைன்னே வெச்சுக்கலாமே, எதுக்குத் தனித்தனியா?

அண்ணா, கோவிச்சுக்காதீங்க, ஷியர் (நாருக்கு நார் வழுக்குறது), ஸ்ப்ளிட்டிங் (நெடுக்கப் பிளக்குறது) ரெண்டுக்கும் தமிழ்ல ஒரே பேருங்கறத மட்டும் ஒத்துக்க முடியல. வெட்டுன்னா அருவாளால குறுக்க போடுறது. மூங்கில் அப்படி லேசுல போகாது, நெடுக்கதான் வாயப் பொளக்கும்.

போன மாசம் மொட்டமாடிப் பந்தலுக்கு இங்க பெங்களூரு பேம்பூ பஜார்ல நாலஞ்சு கழி வாங்கினேன் (கடைக்காரர் பிதிருன்னார், மூங்கிலுக்கு நம்ம பழைய பேரு "வெதிர்", கன்னடத்துல இன்னும் உசுரோட இருக்கு பாருங்க). ரெண்டு கணுவுக்கு நட்டநடுவுல ட்ரில் போட்டு போல்ட் மாட்டி, நட்ட இன்னும் அரை சுத்து இறுக்குவோமேன்னு ஸ்பேனர வெச்சேன், டக்குனு ஒரு சத்தம், ஓட்டைலேர்ந்து கணு வரைக்கும் வகிடு எடுத்தாப்ல நேரா ஒரு கோடு. கணுவ ஒட்டி ஓட்டை போடணும்னு அப்புறம்தான் ஒருத்தர் சொன்னார்.

விஷயம் என்னன்னா கணுவுக்குக் கணு நாரெல்லாம் நீளவாக்குலதான் ஓடுது, வெளிப்பக்கம் நெருக்கமா, உள்ள போகப்போக கலைஞ்சு; குறுக்க ஓடுற நார் கிடையாது. அதான் நார்வாக்குல இழுத்தா 100, 200 மெகாபாஸ்கல்னு (வலிமைய அளக்குற அலகு) தாங்குற சரக்கு (மைல்ட் ஸ்டீல் 250ல நெகிழ ஆரம்பிக்குது, எடை மூங்கிலப் போல பத்து மடங்கு), குறுக்க விரிச்சா சில மெகாபாஸ்கல்லயே விட்டுக்கொடுத்துருது.

அதனால ஸ்ப்ளிட்டிங்குக்கு வகிர்வு. நெடுக்கக் கீறிப் பிரிக்கிறதுதான் வகிர்றது, வகிடும் அதே குடும்பம். பிளவுன்னு போடலாம்தான், ஆனா அத அணுக்கருக்காரங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஷியர் வேற கத, நாரும் நாரும் ஒண்ணையொண்ணு உரசி வழுக்குறது, ஸ்கூல் புக்லயே சறுக்குப்பெயர்ச்சின்னு இருக்கு, "நார்வழிச் சறுக்கு வலிமை"ன்னா போதும். மூங்கில் சோதனைக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 22157லயும் ஷியருக்கு ஒரு டெஸ்ட், குறுக்க இழுக்கறதுக்குத் தனி டெஸ்ட்.

---

> வகிர்வு நல்லாருக்கு தம்பி. ஆனா "வகிர்வு வலிமை"ன்னா வகிர்ற சக்தின்னு படிச்சிர மாட்டாங்களா?

இழுவலிமைய (இழுத்தா எவ்ளோ தாங்கும்ங்கறது) யாரும் இழுக்கிற பலம்னு படிக்கலையேண்ணா, அதே கணக்குதான். உறுத்துச்சுன்னா "வகிர்வுத் தாங்குதிறன்"னு நீட்டிக்கலாம், எனக்கு என்னவோ குட்டையா இருக்கறதுதான் பிடிக்குது. எங்க தெருவுல சாரம் கட்டுறவர்கிட்ட கேட்டேன், அவங்க "வெடிச்சிருச்சு"ன்னுதான் சொல்வாங்களாம். அதையும் பக்கத்துலயே குறிச்சு வெச்சிருங்க.