மறு: கால் வாட் மின்தடையாக்கி – அந்தக் கால் வாட்டுக்கு என்ன பெயர்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வந்த மடல்கள் அனைத்தையும் படித்துவிட்டேன். கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. பேச்சு வேர்ச்சொல்லுக்குள் இறங்கிவிட்டதால், மின்தடையாக்கி (resistor) கருகாமல் எடுக்கக்கூடிய திறனின் எல்லைக்கு, அதாவது ஆங்கிலத்தில் power rating என்பதற்கு, தமிழில் என்ன சொல் என்று நான் கேட்ட காரணத்தை மறுபடி சொல்கிறேன்.

என் மாலை வகுப்பு மாணவர் ஒருவர் பகலில் வயரிங் வேலைக்குப் போகிறவர். 12 வோல்ட் மின்கலத்தின் குறுக்கே 100 ஓம் மின்தடையாக்கியை நேரடியாக இணைத்தார். பழுப்பு, கறுப்பு, பழுப்பு என்று வளையங்களைச் சரியாகவே படித்தார். 12-ஐ 100-ஆல் வகுத்து 0.12 ஆம்பியர் என்றார்; மல்டிமீட்டரும் ஏறக்குறைய அதையே காட்டியது. சற்று நேரத்தில் புகை கிளம்பியது. பூச்சு கருகி, எது எந்த வளையம் என்றே தெரியவில்லை. 12 வோல்ட்டை 0.12 ஆம்பியரால் பெருக்கினால் 1.44 வாட். கால் வாட் பொருளுக்கு அது ஏறக்குறைய ஆறு மடங்கு. "திறனையும் கணக்கிட்டிருக்கலாமே?" என்று கேட்டேன். நான் கொடுத்த குறிப்பை எடுத்துக் காட்டினார். "திறன்: ¼ வாட்" என்று இருந்தது. "அதற்கு மேல் எடுக்காது என்றுதானே சார் அர்த்தம்?" என்றார்.

அவர் படித்ததில் தவறில்லை. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் வருவது ஒரு திறன். அது சுற்றுக்குச் சுற்று மாறும். மின்தடையாக்கியைத் தயாரித்தவர் விதித்த எல்லை வேறு. இரண்டையும் வெறும் 'திறன்' என்று எழுதியதுதான் கோளாறு.

> பொறை என்றாலே சுமை. பொறையளவு என்க.

ஐயா, பொறு, பொறை, பொறுப்பு, பொறுதி என்று நீங்கள் விரித்துக்கொண்டே போன நான்கு மடல்களையும் எடுத்து வைத்திருக்கிறேன். முடிவில் "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" என்ற குறளில் கொண்டு வந்து நிறுத்தினீர்களே, மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்பதைவிட இந்தப் பாடத்துக்குப் பொருத்தமான வரி கிடைக்காது. அதை வகுப்பில் நிச்சயம் சொல்வேன். ஆனால் என் மாணவர்கள் நாள்தோறும் கேட்கும் பொறை, டீக்கடைப் புட்டியில் இருக்கும் பொறை. பொறுமை என்ற பொருளே அவர்களுக்கு எட்டாதபோது சுமை என்ற பொருள் எங்கே எட்டும்?

> தாங்குத்திறன்

இது வினைத்தொகை, வல்லினம் மிகாது. ஊறுகாயை ஊறுக்காய் என்று எழுதுவதில்லை.

> வினைத்தொகை காலம் கரந்தது. தாங்கிய திறன், தாங்குகின்ற திறன், தாங்கும் திறன் மூன்றும் அதற்குள் உண்டு. பழைய குழப்பம் அப்படியே திரும்பி வரும்.

மதுரை நண்பரின் இந்தத் தடைதான் எனக்குக் கனமாகப்படுகிறது. சொல்லை மட்டும் வைத்துப் பார்த்தால், இந்த நொடியில் சுமந்துகொண்டிருக்கும் 1.44 வாட்டையும் தாங்குதிறன் என்று சொல்லிவிடலாம். இலக்கணத்தில் இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. வழக்கில் இருக்கிறது. கயிற்றைப் பார்த்தாலும் உத்தரத்தைப் பார்த்தாலும் "எவ்வளவு தாங்கும்?" என்றுதான் நம்மவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியிலேயே எல்லை இருக்கிறது. இடிதாங்கியையும் பாருங்கள்: அது இடியைத் தாங்குவதில்லை, மின்னலைத் தரைக்குக் கடத்திவிடுகிறது. சொல் தவறு என்று யாரும் அதைக் கழற்றி எறியவில்லை. (சுமைதாங்கிக் கல் பற்றி நேற்று எழுதியவருக்குத் தனி மடல் போடுகிறேன். எங்கள் ஊர்ச் சாலையில் ஒன்று இன்னும் நிற்கிறது.)

யாழ்ப்பாணத்து அக்கா சுட்டியதை ஒதுக்க முடியாது. அங்கே பாடநூலில் 'வலு' என்பதைத்தான் நாம் 'திறன்' என்கிறோம். தாங்குதிறன் என்றால் அங்குள்ள மாணவர் வெறும் தாங்கும் ஆற்றல் என்றுதான் எடுத்துக்கொள்வார். வாட் நினைவுக்கு வராது. தாங்குவலு என்று அவர்கள் எழுதட்டும். முன்பாதி ஒன்றாக இருந்தாலே பாதிச் சண்டை தீரும். மின்தேக்கியின் (capacitor) மேல் அச்சிட்டிருக்கும் 25 வோல்ட்டைத் தாங்கு மின்னழுத்தம் என்று சொல்லவும் அதே முன்பாதி உதவும்.

தண்ணீர் காய்ச்சும் ஹீட்டருக்கும் இதே சொல்லை வைப்பதை மட்டும் ஏற்க மாட்டேன். 230 வோல்ட், 1000 வாட் என்றால் அந்த மின்னழுத்தத்தில் அது எடுக்கும் திறன் 1000 வாட் என்று பொருள். மின்தடை 52.9 ஓம். வீட்டில் 200 வோல்ட்தான் வருகிறது என்றால், மின்தடை மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், சுமார் 756 வாட்தான் எடுக்கும். தண்ணீர் காய நேரமாகும். இங்கே எதுவும் எதையும் தாங்கவில்லை. இதற்குக் 'குறித்த திறன்' போதும். ஒரே சொல் வேண்டும் என்பவர்கள் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் rating என்ற ஒரே சொல் இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் காட்டவில்லை.

எனவே கையேட்டில் தாங்குதிறன் என்றே போடுகிறேன். பெரும்பாலானவர்கள் அதற்கு ஒப்பினீர்கள். சிலர் களைத்துப் போய் ஒப்பினீர்கள் என்பதும் தெரியும். சொல்லடைவில் அதன் பக்கத்தில் பொறையளவும் இருக்கும். ஐயா அது போதாது என்று காலையில் மறுபடி எழுதியிருக்கிறார்.

முதல் பயிற்சிக் கணக்கு இது: "100 ஓம் மின்தடையாக்கியின் தாங்குதிறன் ¼ வாட். அதன் குறுக்கே அதிகபட்சம் எத்தனை வோல்ட் கொடுக்கலாம்?" விடை 5 வோல்ட். மின்தடையாக்கியைக் கருக்கிய மாணவரிடமே நேற்று இதைக் கொடுத்தேன். "எவ்வளவு தாங்கும் என்றுதானே கேட்கிறீர்கள்?" என்று சொல்லிவிட்டுப் போட ஆரம்பித்தார்.

தாங்குதிறன் என்பதைச் சேர்த்து எழுதுவதா, இடம் விட்டு எழுதுவதா என்பதை மட்டும் ஞாயிறு இரவுக்குள் சொல்லுங்கள்.