குரல் உடையும் வயதுப் பையன்களைப் பாட வைப்பது எப்படி?

இசை சொல்லிக் கொடுக்கும் நண்பர்களுக்கு வணக்கம், எனக்குக் கொஞ்சம் உதவி வேண்டும். 13, 14 வயதுப் பிள்ளைகள், நாற்பது பேர், வாரத்துக்கு ஒரே ஒரு வகுப்பு, ஒரு கீபோர்டு.

போன மாதம் ஒரு பையன் மேல் ஸ்தாயியில் பாடும்போது குரல் கீச்சென்று உடைந்துவிட்டது, வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து வாயை மட்டும் அசைக்கிறான், சத்தமே வராது. அவனைப் பார்த்து இன்னும் நான்கைந்து பேர் அப்படியே.

குரல் நாண்கள் நீளுகின்றன, அதனால் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடும், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று விளக்கிப் பார்த்தேன். தலையாட்டினார்கள், அவ்வளவுதான். சுருதியை இறக்கினால் பெண் பிள்ளைகளுக்கு எட்டவில்லை, ஏற்றினால் பையன்கள் மௌனம்.

சரி என்று தாளத்துக்குப் போனேன். பாதிப்பேர் மூன்று மூன்றாகவும் மீதிப்பேர் நான்கு நான்காகவும் மேசையைத் தட்ட, 12வது அடி முடிந்து இரு கூட்டமும் ஒரே இடத்தில் விழுந்தபோது அந்தப் பையன் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு! (பக்கத்து வகுப்புக் கணக்கு ஆசிரியர்தான் சிரிக்கவில்லை.) ஆனால் வருடம் முழுக்க மேசையையே தட்டிக்கொண்டிருக்க முடியாதே.

ஐந்தாறு ஸ்வரங்களுக்குள்ளேயே அடங்குகிற, அதே சமயம் சின்னப் பிள்ளைப் பாட்டு மாதிரி தெரியாத மெட்டுகள் உங்களிடம் இருக்கிறதா? அப்புறம், தேர்வில் தனியாகப் பாடச் சொல்லாமல் எப்படி மதிப்பெண் போடுகிறீர்கள்?