அம்மாவுக்குத் தோல் புண், கணையத்தில் கட்டியோன்னு சந்தேகம்: விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

பாலக்கோட்டிலிருந்து எழுதறேன். அம்மாவுக்கு 58 வயசு. எட்டு மாசமா தொடை இடுக்கிலும் பிட்டத்திலும் செந்தடிப்பு. ஓரம் கொப்பளிச்சு, உரிஞ்சு, பொருக்குத் தட்டும். நடுவுல ஆறிக் கருக்கும்போதே பக்கத்துல புதுசா கிளம்பிடும். படர்தாமரைன்னு களிம்பு, சொரியாசிஸ்னு மாத்திரை, எதுக்கும் அடங்கல. இதுக்கு நடுவுல புதுசா சர்க்கரை, ரத்தசோகை, 11 கிலோ எடை போச்சு. நாக்கு வெந்தாப்பல சிவந்து கிடக்கு; ரசஞ்சோறுகூட எரியுதுன்னு தட்டைத் தள்ளிடறாங்க.

போன வாரம் பார்த்த தோல் டாக்டர்தான் இதையெல்லாம் ஒண்ணா முடிச்சுப் போட்டார். கணையத்துல, ரத்தச் சர்க்கரையை ஏத்துற குளுக்ககான்ங்கற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கிற குளுக்ககனோமாங்கற அரிய கட்டி இருந்தா, தோல் புண் இப்படி இடம் மாறிப் படருமாம். தோல் பயாப்ஸி எடுத்திருக்கார். வெறும் வயித்துல குளுக்ககான் ரத்தப் பரிசோதனையும் சிடி ஸ்கேனும் எழுதியிருக்கார். சர்க்கரைக்குப் பார்க்கிறவர், தோலுக்குப் பார்க்கிறவர்னு தனித்தனியா அலைஞ்சதுல எட்டு மாசம் போயிடுச்சேன்னு மனசு ஆறல.

தருமபுரி, கிருஷ்ணகிரியில குளுக்ககானுக்கு ரத்தம் எடுத்து அனுப்புற லேப் இருக்கா? கணையக் கட்டிக்கு சேலம், வேலூர், பெங்களூர்னு எங்கயாவது ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க இருக்கீங்களா? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு, எங்கே செல்லும்? வியாழக்கிழமை பயாப்ஸி ரிப்போர்ட் வருது, அதுக்குள்ள சொன்னா பெரிய உதவியா இருக்கும்.