ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா? டர்பன் சுற்றுவட்டாரத்தில் ஓட்டுகிறவர்கள் கண்டதைச் சொல்லுங்கள்

சாட்ஸ்வர்த் சக்கரம்:

கடையில் ஒரே விலையில் இரண்டு மலை சைக்கிள் (மவுன்டன் பைக்) நிற்கின்றன. ஒன்று 120 மி.மீ. அமுங்கும் ஃபோர்க் (முன் ஷாக்) போட்ட அலுமினிய ஹார்ட்டெயில், பின்னே ஷாக் கிடையாது. 12 பல்சக்கர கேசட், டிராப்பர் போஸ்ட் (ஓட்டும்போதே சீட்டை இறக்கி ஏற்றும் தண்டு), நாலு பிஸ்டன் பிரேக். மற்றது முன்னும் பின்னும் 120 மி.மீ. ஃபுல் சஸ்பென்ஷன். ஆனால் அதே காசுக்குள் அடக்க பிரேக், ஃபோர்க், சக்கரம் மூன்றையும் ஒரு படி இறக்கியிருக்கிறார்கள். எடையும் சுமார் 2 கிலோ கூட. ஓடப்போவது பெரும்பாலும் கிபா கார்ஜ், அவ்வப்போது பலிட்டோ பக்கம் கரும்புக்காடு, வருஷத்தில் இரண்டு மூன்று தடவை கார்க்லூஃப். விளம்பர வாசகம் வேண்டாம். எந்தப் பாதையில் எது எப்படி நடந்துகொள்கிறது, எது முதலில் பழுதாகிறது என்று பார்த்தவர்கள் எழுதுங்கள்.

கரும்புக்காட்டு வழி:

பலிட்டோ பக்கம் மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஹார்ட்டெயில். டிராக்டர் தடம், மண் ரோடு, நடுநடுவே ஒற்றையடிப் பாதை. ஏற்றங்கள் குட்டையானவை, ஆனால் நிறைய. பின் ஷாக் அங்கே சும்மா தூங்கும்.

அங்கே தொல்லை மேட்டுப்பள்ளம் இல்லை, டயர். வெட்டிய கரும்பின் அடிக்கட்டை சாய்வாகக் கூராக நிற்கும். தடத்தை விட்டு ஒரு அடி விலகினால் பக்கச்சுவர் கிழியும். அதோடு நெருஞ்சி. இங்கே அதை டூவல்கி என்கிறார்கள், நம் ஊர் நெருஞ்சி முள்ளேதான். டியூப் போட்டு ஓட்டினால் ஒரே சவாரியில் மூன்று ஓட்டை சாதாரணம். டியூப்லெஸ், 29x2.35 டயருக்கு 100 மி.லி. சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்). இந்த வெக்கையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டயரை ஆட்டிப் பாருங்கள். உள்ளே தளும்பும் சத்தம் இல்லையென்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பக்கச்சுவர் கிழிசலைச் சீலன்ட் அடைக்காது, அதற்குத் திரி போடும் ஊசி பையில் இருக்க வேண்டும்.

ஹார்ட்டெயில்காரர்கள் செய்யும் தப்பு, முன் பின் இரண்டுக்கும் ஒரே காற்று. உடம்பு 75 கிலோ என்றால் முன்னே 1.5 பார், பின்னே 1.8 பாரில் தொடங்குங்கள். பின் சக்கரத்துக்கு ஷாக் இல்லை, வாங்குகிற அடியெல்லாம் டயருக்கும் ரிம்முக்கும்தான். காற்றைக் குறைத்து மெத்தென்று ஓட்டலாம் என்று 1.4க்கு இறக்கினால் முதல் கல்லிலேயே ரிம் நசுங்கும். ரிம்மைக் காக்க டயருக்குள் நுரை வளையம் போடுவதானால் பின்னுக்கு மட்டும் போட்டால் போதும். தடித்த பக்கச்சுவர் உள்ள டயரும் பின்னுக்குத்தான் முதலில்.

டயர் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு: 2013 மலை சைக்கிள் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது நம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். அந்த ஊர்க்காரர் கிரெக் மின்னார் டவுன்ஹில் பட்டத்தை வென்றபோது கடைசிப் பகுதியில் பின் டயரில் காற்றே இல்லை. அவர் மின்னார், ஓட்டிவிட்டார். மற்றவர்கள் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.

ஹோவிக் மேடு:

கரும்புக்காட்டுக்கு அண்ணன் சொன்னது சரி. கிபா வேறு கதை. அங்கே ஏற்றத்திலேயே வேரும் மணற்கல் படியும் வருகின்றன. ஹார்ட்டெயிலில் உட்கார்ந்தபடி மிதித்தால் ஒவ்வொரு வேரிலும் பின் சக்கரம் எகிறும். எகிறிய கணத்தில் பிடிப்பு போகும், மிதி வீணாகும். எழுந்து நின்றால் பின் சக்கரத்தில் எடை குறைந்து ஈர வேரில் வழுக்கும். ஃபுல் சஸ்பென்ஷனில் சக்கரம் வேர் மேல் ஏறி இறங்கும், சீட் அப்படியே இருக்கும், மிதித்துக்கொண்டே போகலாம். "ஃபுல் சஸ்பென்ஷன் இறக்கத்துக்கு, ஹார்ட்டெயில் ஏற்றத்துக்கு" என்று கடையில் சொல்வது வழுவழுப்பான ஏற்றத்துக்கு மட்டும் பொருந்தும்.

விலைச்சீட்டில் வராத இன்னொன்று, கோணம். ஹார்ட்டெயிலில் ஏறி உட்கார்ந்ததும் முன்பக்கம் மட்டும் அமுங்கும். 120 மி.மீ. ஃபோர்க் 20 சதவீதம் அமுங்கினால் 24 மி.மீ. தோராயமாக 20 மி.மீ.க்கு ஒரு டிகிரி கணக்கு. அட்டவணையில் 66 டிகிரி என்று போட்ட ஹெட் ஆங்கிள் (ஃபோர்க் தரையோடு சாயும் கோணம்) ஆள் ஏறியதும் 67ஐத் தாண்டிவிடும். இறக்கத்தில் பிரேக் பிடித்து ஃபோர்க் இன்னும் அமுங்கும்போது மேலும் செங்குத்தாகி, ஹேண்டில்பார் மேலே குப்புறத் தள்ளப் பார்க்கும். ஃபுல் சஸ்பென்ஷனில் முன்னும் பின்னும் சேர்ந்து அமுங்குவதால் கோணம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். அதனால் இரண்டு வண்டியின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. ஹார்ட்டெயிலில் ஒரு டிகிரி சாய்வு கூடுதலாக உள்ளதைத் தேடுங்கள். ஃபோர்க்கை 140க்கு மாற்றிவிட்டால் கிபாவுக்குச் சரியாகிவிடும் என்று சிலர் செய்கிறார்கள். ஃபிரேம் அதற்கு அனுமதிக்கப்பட்டதா என்று பார்க்காமல் செய்தால் ஃபோர்க் நுழையும் ஹெட் டியூப் வெல்டிங்கில் விரிசல் விழும், வாரன்டியும் போகும்.

கார்க்லூஃப் வளைந்து வளைந்து ஓடும் தோப்புப் பாதை. அங்கே இரண்டுமே சிரித்துக்கொண்டு ஓடும், அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

பந்தயக்காரர் எல்லாம் ஃபுல் சஸ்பென்ஷனுக்குப் போய்விட்டார்களே என்பவர்களுக்கு ஒரு தகவல். 2012 லண்டன் ஒலிம்பிக் மலை சைக்கிள் பந்தயத்தில் செக் வீரர் குல்ஹவி ஃபுல் சஸ்பென்ஷனில் தங்கம் வாங்கினார். ஹார்ட்டெயிலில் வந்த சுவிஸ் வீரர் ஷூர்ட்டர் வெள்ளி. இடைவெளி ஒரு நொடி. ஒன்றரை மணி நேர ஓட்டம் அது. சானி2சி மாதிரி ஹிமவில்லிலிருந்து ஸ்காட்பர்க் கடற்கரை வரை மூன்று நாள் ஓட்டம் என்றால் கணக்கு மாறும். இரண்டாம் நாள் உம்கோமாஸ் பள்ளத்தாக்கில் இறங்கிய பிறகு மூன்றாம் நாள் காலையில் சீட்டில் உட்கார முடிகிறதா என்பதுதான் கேள்வி. அங்கே 100 மி.மீ. பின் ஷாக் கொடுப்பது வேகத்தை அல்ல, இடுப்பை. ஆனால் சின்ன அளவு ஃபிரேமில் ஷாக் இடத்தை அடைத்துக்கொண்டு இரண்டாவது பாட்டில் மாட்ட வழியில்லாமல் போகும். பாட்டிலைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே மாட்டிப் பாருங்கள்.

பைன்டவுன் பட்டறை:

இருவரும் ஓட்டத்தைப் பேசுகிறீர்கள், பராமரிப்பை யாரும் பேசவில்லை. டர்பனில் அதுதான் தீர்மானிக்கும்.

ஃபுல் சஸ்பென்ஷனில் பின் சக்கரத்தைத் தாங்கும் பின் கை அசையும் மூட்டுகளில் பிவட் பேரிங் எட்டு முதல் பன்னிரண்டு வரை இருக்கும். இவை சக்கரப் பேரிங் போல முழுச் சுற்று சுற்றுவதில்லை, சில டிகிரி முன்னும் பின்னும் அசையும், அவ்வளவுதான். குண்டுகள் ஒரே இடத்திலேயே உரசி உரசிக் குழி விழும். கிரீஸ் பரவாது. நீர் புகுந்தால் அங்கேயே தங்கும். கடற்காற்றும் ஈரப்பதமும் இருக்கிற ஊரில், அதுவும் கோடை மழைச் சேற்றுக்குப் பிறகு பிரஷர் வாஷர் அடிக்கிறவர் கையில், ஒரு வருஷத்தில் துருவேறிக் கரகரக்கும். ஜோஹன்னஸ்பர்க் வறண்ட காற்றில் அதே வண்டி இன்னும் நெடுநாள் தாங்கும்.

சோதிக்கும் முறை: ஷாக்கின் ஒரு முனை போல்ட்டைக் கழற்றுங்கள். சக்கரத்தையும் எடுத்துவிட்டுப் பின் கையைத் தூக்கி விடுங்கள். வழுக்கிக்கொண்டு கீழே விழ வேண்டும். நின்று நின்று இறங்கினாலோ, நறநறவென்று கையில் தெரிந்தாலோ பேரிங் போய்விட்டது. சீட்டைப் பிடித்து லேசாகத் தூக்கும்போது "டொக்" என்று ஒரு தட்டல் மட்டும் கேட்டால் அது பெரும்பாலும் பேரிங் இல்லை, ஷாக் கண்ணில் (போல்ட் போகும் முனைத் துளையில்) இருக்கும் புஷ் தேய்ந்திருக்கும். அது மலிவு. இதைத் தெரியாமல் பேரிங் செட்டே மாற்றிவிட்டு, தட்டல் போகவில்லை என்று திரும்பி வருகிறார்கள்.

பேரிங் எண் அதன் சீலிலேயே எழுதியிருக்கும். 6902 என்றால் உள் விட்டம் 15, வெளி விட்டம் 28, தடிமன் 7 மி.மீ. தொழிற்சாலைப் பேரிங் கடையிலும் கிடைக்கும். ஆனால் பிவட்டுக்குக் கூண்டு இல்லாமல் முழுக்கக் குண்டு அடைத்த வகையைக் கேளுங்கள், அசைவு குறைவான இடத்துக்கு அதுதான் சுமை தாங்கும். சுத்தியல் வேண்டாம். அழுத்தும்போது வெளி வளையத்தின் மேல் மட்டும் அழுத்தம் விழ வேண்டும், உள் வளையத்தில் அழுத்தினால் புதுப் பேரிங் போடும்போதே கெட்டுவிடும். போல்ட்டில் நீல நிறத் திரெட் லாக் (கழலாமல் பிடிக்கும் பசை), ஃபிரேம்காரர் சொன்ன டார்க் (இறுக்கும் அளவு). கண் அளவில் இறுக்கியவை காட்டில் கழன்று விழுவதைப் பார்க்கிறோம்.

ஷாக்கின் காற்றறைக்கு 50 மணி நேரத்துக்கு ஒரு சர்வீஸ் என்று ஷாக் தயாரிக்கும் ராக்‌ஷாக்ஸ் சொல்கிறது. வாரம் மூன்று சவாரி, தலா இரண்டு மணி நேரம் என்றால் எட்டு வாரத்தில் 50ஐ நெருங்கிவிடும். அந்தச் செலவையும் ஷாக் பம்பையும் விட்டுவிட்டு ஃபுல் சஸ்பென்ஷன் வாங்குவது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிற கதை. ஹார்ட்டெயிலில் இது பாதி. ஃபோர்க் கீழ்க்கால் எண்ணெய், ஹெட்செட், பாட்டம் பிராக்கெட், முடிந்தது.

சாட்ஸ்வர்த் சக்கரம்:

பட்டறை அண்ணே, பிரேக் ஒரு படி கீழ் என்பது எவ்வளவு பெரிய விஷயம்? பிறகு மாற்றிக்கொள்ளலாமா?

பைன்டவுன் பட்டறை:

பிரேக், சக்கரம் மாற்றலாம், காசுதான். ஃபிரேமும் ஷாக்கும் மாற்ற முடியாது. ஆனால் ஒன்று. பின் ஷாக்கில் ரீபவுண்ட் (அமுங்கிய ஷாக் திரும்ப எழும் வேகம்) திருகு கூட இல்லாத வெறும் ஸ்பிரிங் ஷாக் என்றால் அந்த வண்டியைத் தொடாதீர்கள். அமுங்கியது அடக்கமில்லாமல் திருப்பி எறியும், கிபா இறக்கத்தில் ஆளைத் தூக்கிப் போடும். அதைவிட ஹார்ட்டெயில் ஆயிரம் மடங்கு மேல்.

ஹோவிக் மேடு:

வாங்கினாலும் சாக் (sag, ஆள் ஏறி உட்கார்ந்ததும் ஷாக் அமுங்கும் அளவு) சரி செய்யாமல் ஓட்டுகிறவர்கள் பாதிக்கு மேல் இருப்பார்கள் போல. ஃபுல் சஸ்பென்ஷன் "ஊஞ்சல் மாதிரி ஆடுது" என்கிற புகாரில் பெரும்பகுதி அதனால்தான்.

ஷாக்கின் மேல் இரண்டு எண் இருக்கும், 190x45 மாதிரி. இரண்டாவதுதான் அசையும் நீளம். 45இல் 28 சதவீதம் என்றால் சுமார் 12.5 மி.மீ. உடல் எடையைப் பவுண்டில் போட்டு அதே எண்ணை பிஎஸ்ஐ ஆக வைத்துத் தொடங்குங்கள். 80 கிலோவுக்கு 176. பம்பைக் கழற்றிவிட்டு சீட்டில் பத்துத் தடவை மெல்ல அமுக்குங்கள், இரண்டு காற்றறையும் சமமாகும். பிறகு திரும்ப அளந்தால் எண் குறைந்திருக்கும், நிரப்புங்கள். இதைச் செய்யாதவர்களுக்குத்தான் மறுநாள் வேறு எண் வருகிறது. ஹெல்மெட், தண்ணீர்ப் பை, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு லாக்-அவுட் (ஷாக்கைப் பூட்டும் நெம்பு) திறந்த நிலையில் ஏறி உட்கார்ந்து, ரப்பர் வளையத்தை சீல் வரை தள்ளிவிட்டு, குதிக்காமல் இறங்குங்கள். 12.5ஐ விடக் கூட என்றால் 5 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். ரீபவுண்டுக்கு நடைபாதை விளிம்பிலிருந்து உட்கார்ந்தபடியே இறங்குங்கள். பின்பக்கம் ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும், இரண்டு மூன்று தடவை ஆடினால் திருகை மெதுவாக்கும் பக்கம் இரண்டு கிளிக்.

கரும்புக்காட்டு வழி:

பழைய ஃபுல் சஸ்பென்ஷன் பார்க்கிறவர்களுக்கு ஒரு வரி. பக்கி (பிக்கப் வண்டி) டெயில்கேட்டில் தொங்கவிட்டுக் கொண்டுபோன சைக்கிளில் டவுன் டியூபின் (ஃபிரேமின் கீழ்க்குழாய்) அடிப்பக்கம் உரசிப் பெயின்ட் போயிருக்கும். கார்பன் என்றால் அங்கே விரலால் தட்டிப் பாருங்கள், மற்ற இடத்தில் கேட்கும் "டக்" அங்கே "தொப்" என்று மந்தமாகக் கேட்டால் விட்டுவிடுங்கள்.

பைன்டவுன் பட்டறை:

அதோடு ஷாக் தண்டு. விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் சிக்குகிற கீறல் இருந்தால் சீல் எத்தனை மாற்றினாலும் காற்று கசியும், முழு ஷாக்குக்கு விலை போட்டுக்கொண்டு பேரம் பேசுங்கள். விற்கிறவர் "போன மாசம்தான் சர்வீஸ்" என்பார். எந்தப் பேரிங் எண் மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.