படகில் லித்தியம் பேட்டரி மாற்றியபின் ஆல்டர்னேட்டர் கருகுகிறது, ஆழமானி போய்விட்டது. எங்கே தப்பு?

கேள்வி
வணக்கம். என்னுடையது 27 அடி பாய்மரப் படகு, பினாங்கில் நிற்கிறது. ஒற்றைச் சிலிண்டர் டீசல், 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது), 100 வாட் சோலார். இரண்டு மாதம் முன்பு பழைய ஈய பேட்டரியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் 100 ஆம்பியர்-அவர் லித்தியம் (இரும்பு பாஸ்பேட் வகை) வைத்தேன். வயரிங் எதையும் தொடவில்லை. ஸ்டார்ட் செய்வதும் அதில்தான்.

போன வாரம் லங்காவி போகும்போது காற்றே இல்லை, இன்ஜினிலேயே ஓடினோம். அரை மணி நேரத்தில் கருகல் வாடை, ஆல்டர்னேட்டரில் கை வைக்க முடியவில்லை. திரும்பும் நாள் நல்ல வெயில். நடுவழியில் கேபின் விளக்கு பளீரென்று எரிந்து அடங்கியது, ஆழமானி அணைந்தது. இப்போது சார்ஜும் ஏறவில்லை. பேட்டரியைத் திருப்பிக் கொடுத்துவிடு என்கிறார்கள் வீட்டில்.

பதில்
பேட்டரி மேல் குற்றமில்லை அண்ணே. ஈய பேட்டரி நிரம்ப நிரம்ப கரண்டைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் கிட்டத்தட்ட நிறையும்வரை கொடுத்ததையெல்லாம் இழுக்கும். சின்ன ஆல்டர்னேட்டர் மணிக்கணக்கில் முழு கரண்ட் தர ஆனதல்ல. இன்ஜின் மெதுவாக ஓடினால் அதன் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும்.

விளக்கு பளீரென்றது வேறு கதை. பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் சர்க்யூட்) சார்ஜைத் துண்டித்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஆல்டர்னேட்டருக்கு பேட்டரி திடீரென்று இல்லாமல் போனால் வோல்டேஜ் எகிறும். டயோடும் கருவிகளும் அதில்தான் போகும். சோலார் கன்ட்ரோலர் எந்த செட்டிங்கில் இருக்கிறது?

கேட்டவர்
இப்போதுதான் பார்த்தேன். ஈய பேட்டரி செட்டிங்கிலேயே இருக்கிறது. ஈக்வலைஸும் (ஈய செல்களைச் சமப்படுத்த அவ்வப்போது வோல்டேஜை ஏற்றுவது) ஆன்.

பதில்
அதேதான். ஈக்வலைஸில் 14.8 வோல்ட், சில கன்ட்ரோலரில் 15-க்கும் மேலே போகும். உங்கள் பேட்டரியில் நான்கு செல். ஒன்றுக்கு உச்சம் 3.65 வோல்ட். ஒரு செல் தாண்டினாலும் பிஎம்எஸ் வெட்டிவிடும். அப்சார்ப்ஷன் (நிரப்பும் கட்ட வோல்டேஜ்) 14.2, ஃப்ளோட் (நிறைந்தபின் தாங்கும் வோல்டேஜ்) 13.5 வையுங்கள். ஈக்வலைஸ், வெப்பநிலை ஈடு (வெப்பத்துக்கு ஏற்ப வோல்டேஜை மாற்றுவது) இரண்டையும் நிறுத்துங்கள்.

இன்னொரு பதில்
தம்பி, ஒரு சின்ன ஈய பேட்டரியைத் திரும்ப வாங்குங்கள். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், பில்ஜ் பம்ப் (படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைப்பது) மூன்றும் அதோடு மட்டும் இருக்கட்டும். அதிலிருந்து 18 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் (ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றை அளவான கரண்டில் சார்ஜ் செய்வது) வழியாக லித்தியத்துக்குப் போகட்டும். பிஎம்எஸ் வெட்டினாலும் ஆல்டர்னேட்டருக்கு ஈய பேட்டரி துணை இருக்கும், தண்ணீர் இறைப்பதும் நிற்காது. பம்ப் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

லித்தியத்தின் பாசிட்டிவில் கிளாஸ் T (Class T) ஃப்யூஸ் போடுங்கள், 7 அங்குலத்துக்குள். ஷார்ட் ஆனால் இந்த பேட்டரி தரும் கரண்டில் சாதாரண ஃப்யூஸ் அறுந்த பிறகும் உள்ளே தீப்பொறி பாலம் கட்டி கரண்ட் ஓடலாம். வயர் வெள்ளீயம் பூசிய செம்பாக இருக்கட்டும், உப்புக்காற்றில் வெறும் செம்பு பச்சை பிடித்துவிடும். அப்புறம், வோல்ட் மீட்டரை வைத்து எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று கணிக்க முடியாது. 13.2 வோல்ட்டிலேயே வெகுநேரம் நிற்கும், பிறகு சட்டென்று விழும். ஷன்ட் (போய்வரும் கரண்டை அளக்கும் துண்டு) வைத்த மானிட்டர் வேண்டும்.

கேட்டவர்
ஆல்டர்னேட்டரின் கரண்டைக் கட்டுப்படுத்தும் வெளி ரெகுலேட்டர் போட்டால் போதாதா?

இன்னொரு பதில்
பெரிய ஆல்டர்னேட்டருக்கு அது சரி. 35 ஆம்பியருக்காக அதைப் பிரித்து வயர் இழுக்கும் செலவு வீண்.

கேட்டவர், மூன்று வாரம் கழித்து
டயோடுதான் போயிருந்தது, மாற்றியாயிற்று. ஆழமானி புதிது. நீங்கள் சொன்னபடியே வயரிங் செய்து நேற்று இரண்டு மணி நேரம் இன்ஜினில் ஓடினேன். வாடை இல்லை. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. டிசி-டிசி சார்ஜர்தான் நன்றாகச் சுடுகிறது, பரவாயில்லையா?

பதில்
அது சுடத்தான் செய்யும். படுக்க வைத்திருந்தால் நிமிர்த்தி மாட்டுங்கள், மேலும் கீழும் ஒரு சாண் இடம் விடுங்கள். இன்ஜின் அறைக்குள் மட்டும் வேண்டாம்.