தொலைதூர இலக்குச் சுடுதலுக்கு முதல் ரைஃபிள்: .308 எடுப்பதா, 6.5 க்ரீட்மோர் எடுப்பதா?

புதுக்கை

வணக்கம். 50 மீட்டர் .22 சுடுதல் ஓரளவு கைவந்துவிட்டது. அடுத்த கட்டமாகத் தொலைதூரத்துக்கென்று ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்க வேண்டும். உரிமம் தயார். சுடுகளத்தில் 100, 300, 600 மீட்டர் வசதி உண்டு. பிற்பாடு 1000 கஜத்திலும் சுட ஆசை. தோட்டாவை நானே நிரப்பும் எண்ணம் இப்போதைக்கு இல்லை, பெட்டித் தோட்டாதான்.

.308 தோட்டா போதும் என்கிறார் ஒருவர். 6.5 க்ரீட்மோர்தான் என்கிறார் இன்னொருவர். "1000 கஜம் என்றால் .300 வின்செஸ்டர் மேக்னம் இல்லாமல் முடியாது" என்றும் கேள்விப்படுகிறேன். பேரல் நீளம், ட்விஸ்ட், ஸ்கோப் எல்லாவற்றிலும் குழப்பம். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

காற்றுமானி

எந்தக் காலிபர் (குண்டின் விட்டம், தோட்டா வகை) என்பதற்கு முன்னால் எந்தப் போட்டி என்று முடிவு செய்யுங்கள். பலர் இதைக் கடைசியில் யோசித்துவிட்டு இரண்டாவது துப்பாக்கி வாங்க நேர்கிறது.

படுத்தபடி ஸ்கோப் வைத்துத் தூரத்துக் காகித இலக்கைச் சுடும் எஃப்-கிளாஸ் போட்டியில் இரண்டு பிரிவுகள். எஃப்-டிஆர் பிரிவில் .223 ரெமிங்டனும் .308 வின்செஸ்டரும் மட்டுமே செல்லும். ஸ்கோப், பைபாட் (முன்னால் தாங்கும் இருகால்) எல்லாம் சேர்ந்து 8.25 கிலோவைத் தாண்டக்கூடாது. எஃப்-ஓப்பனில் 10 கிலோ வரை, முன்னால் தனி ரெஸ்ட் வைத்துக்கொள்ளலாம். 6.5 க்ரீட்மோரை வாங்கிவிட்டு எஃப்-டிஆருக்குப் போனால் உங்களை ஓப்பனில்தான் சேர்ப்பார்கள். அங்கே எதிரில் இருப்பவை அந்தப் பிரிவுக்கென்றே கட்டிய கனமான துப்பாக்கிகள். எஃகுத் தகடுகளை நிலை மாற்றி மாற்றிச் சுடும் பிஆர்எஸ் வகைப் போட்டி என்றால் .30 வரை காலிபர், விநாடிக்கு 3200 அடி வரை வேகம், அங்கே 6.5 தாராளமாகச் செல்லும்.

போட்டி எதுவும் மனதில் இல்லை, தூரத்தில் சுடக் கற்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் 6.5 க்ரீட்மோர் எடுங்கள். 2007-இல் ஹார்னடி இதைக் கொண்டுவந்ததே இலக்குச் சுடுதலை மனதில் வைத்துத்தான். 140 கிரெய்ன் (எடை அலகு) குண்டு விநாடிக்கு 2700 அடி அளவில் கிளம்புகிறது. .308-இல் 175 கிரெய்ன் குண்டு சுமார் 2600 அடி. வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் 6.5 குண்டு ஒல்லியாக, நீளமாக இருப்பதால் காற்றுத்தடை குறைவு. நேர்ப்பக்கவாட்டில் விநாடிக்கு 4.5 மீட்டர் காற்று வீசினால் 1000 கஜத்தில் 6.5 சுமார் ஒன்றே முக்கால் மீட்டர் தள்ளப்படும், .308 சுமார் இரண்டரை மீட்டர். அதாவது காற்றை விநாடிக்கு 1 மீட்டர் தப்பாகக் கணித்தால் ஒன்றில் 39 செ.மீ. பிழை, மற்றதில் 55 செ.மீ. எஃப்-கிளாஸ் இலக்கில் ஒரு எம்ஓஏ (கோண அளவு, டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) வளையத்தின் முழு அகலமே அந்தத் தூரத்தில் 27 செ.மீ. தானே!

.308-க்கு ஒரு பெரிய பலம் உண்டு: பேரல் ஆயுள். 5000 குண்டுகளுக்கு மேலும் துல்லியம் நிற்கும். 6.5-இல் 2000 முதல் 3000 வரை எதிர்பார்க்கலாம். தொடர்ந்து சுட்டுப் பேரலைச் சூடாக்கினால் இன்னும் குறையும். .308 எடுத்தால் 168 கிரெய்ன் பெட்டி கைக்கு எளிதாகக் கிடைக்கிறதே என்று 1000 கஜத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளாதீர்கள். சியெராவின் 168 மேட்ச்கிங் 300 மீட்டர் போட்டிக்காக வடிவமைத்த குண்டு. அதன் பின்புறச் சரிவு செங்குத்து அதிகம். ஒலிவேகத்தை நெருங்கும்போது அது தள்ளாடத் தொடங்கும். 600 மீட்டர் வரை அருமையாகப் போவது 1000 கஜத்தில் சிதறுவதற்கு இதுதான் காரணம். அங்கே 175 கிரெய்ன்.

மேக்னம் வேண்டவே வேண்டாம். சக்தி போதவில்லை என்று யாரும் 1000 கஜத்தில் தவறவிடுவதில்லை. உதைப்பு அதிகமானால் ட்ரிக்கர் இழுக்கும் கணத்தில் உடம்பு தானாகச் சுருங்கும். அந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் போக்குவது மிகக் கடினம்.

ட்விஸ்ட் (பேரலின் உள்வரி ஒரு முழுச் சுற்றுக்கு எடுக்கும் அங்குலம்): 6.5-க்கு 1:8. .308-க்கு 1:10 அல்லது 1:11. பேரல் 24 முதல் 26 அங்குலம். ஓர் அங்குலம் குறைந்தால் விநாடிக்கு 20–25 அடி வேகம் போகும், அவ்வளவுதான்.

மில்புள்ளி

காலிபர் பற்றி மேலே சொன்னது சரி. ஸ்கோப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் பணத்தை எல்லாம் துப்பாக்கியில் போட்டுவிட்டு இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். துப்பாக்கிக்கு ஆகும் தொகையை ஸ்கோப்புக்கும் ஒதுக்குங்கள். முடியாவிட்டால் துப்பாக்கியில் ஒரு படி இறங்குங்கள், ஸ்கோப்பில் இறங்காதீர்கள்.

உருப்பெருக்கத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். 5-25 தாராளம், வெயிலில் கானல் அலையும்போது 15-க்கு மேல் வைக்கவே முடியாது. பார்க்க வேண்டியது டரட்டின் (குறியை ஏற்றி இறக்கும் திருகுக் குமிழின்) நம்பகம். 3 மில் (கோண அளவு; 1 மில் 100 மீட்டரில் 10 செ.மீ.) ஏற்றி 3 மில் இறக்கினால் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். ரெட்டிகிளும் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள்) டரட்டும் ஒரே அளவில் இருக்கட்டும்: மில் என்றால் இரண்டும் மில். 0.1 மில் கிளிக் 100 மீட்டரில் 1 செ.மீ.; கணக்கு விரலிலேயே வந்துவிடும். முதல் குவியத்தள ரெட்டிகிள் எடுத்தால் எந்த உருப்பெருக்கத்திலும் கோடுகளின் அளவு சரியாக இருக்கும். இரண்டாம் குவியத்தளத்தில் ஒரே ஓர் உருப்பெருக்கத்தில்தான் சரி. அதை மறந்து பாதி ஜூமில் காற்றுக்குப் பிடித்தால் இரண்டு மடங்கு தள்ளிப் போகும்.

அடுத்தது ஏற்றம். 100 மீட்டர் ஸீரோவிலிருந்து (அந்தத் தூரத்தில் குறியும் குண்டும் ஒன்றாகும் அமைப்பு) 1000 கஜத்துக்கு 6.5-க்கு 9 மில் அருகிலும் .308-க்கு 12 மில் அருகிலும் தேவைப்படும். ஸ்கோப்பின் மொத்த ஓட்டம் 20 மில் என்றால் நடுவிலிருந்து மேலே 10 தான். அதனால்தான் 20 எம்ஓஏ சரிவுள்ள பேஸ் (ஸ்கோப் அமரும் தளம்) போடுகிறோம், அது 5.8 மில் கூட்டித் தரும். சரிவு அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று 30 எம்ஓஏ போடாதீர்கள். அது 8.7 மில். மொத்த ஓட்டம் 15 மில் மட்டுமே உள்ள ஸ்கோப்பில் அதைப் போட்டால் 100 மீட்டர் ஸீரோவுக்கே கீழே இடம் இருக்காது.

பொருத்தும்போது: குப்புறப் படுத்து, கண்ணை மூடி, கன்னத்தை வசதியாக ஸ்டாக்கில் (துப்பாக்கிக் கட்டையில்) வைத்துவிட்டுக் கண்ணைத் திறங்கள். அதிகபட்ச ஜூமில் படம் முழுதாகத் தெரிகிற இடமே ஸ்கோப்பின் இடம். மேஜையில் உட்கார்ந்து பொருத்தினால் படுத்துச் சுடும்போது கருநிழல் விழும். ரிங் திருகுகளை டார்க் ஸ்க்ரூடிரைவரால் 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் வரை மட்டும் முடுக்குங்கள். கைபலத்தில் முறுக்கினால் குழாய் நசுங்கும், பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறி நகர்வதைத் திருத்தும்) திருகி இறுகிப்போகும். ரெட்டிகிளின் நேர்கோடு நூல்குண்டு நூலோடு ஒட்டி நிற்க வேண்டும். பிறகு துப்பாக்கியில் ஒரு சிறிய ரசமட்டம். 1000 கஜத்தில் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தாலே பக்கவாட்டில் 14 செ.மீ. போய்விடும், அதைக் காற்று என்று நினைத்துத் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

புதுக்கை

மிக்க நன்றி. மேக்னத்தை விட்டுவிட்டேன். கடையில் துப்பாக்கியைக் கையில் எடுத்தால் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? டிக்கா டி3எக்ஸ், பெர்காரா பி-14 எச்எம்ஆர், ஹோவா 1500 மூன்றும் பட்டியலில் உள்ளன.

ஸ்டாக்கும் பெட்டிங்கும்

மூன்றும் நல்லவைதாங்க. மூன்றில் எதை எடுத்தாலும் துல்லியம் உங்களுக்குத் தடையாக இருக்காது. டிக்காவின் போல்ட் ஓட்டம் வெண்ணெய் மாதிரி. பி-14 எச்எம்ஆர் ரெமிங்டன் 700 அமைப்பைப் பின்பற்றுவதால் பிற்பாடு ட்ரிக்கர், சேஸிஸ் (உலோகச் சட்ட ஸ்டாக்) மாற்ற நிறையத் தெரிவு உண்டு. கன்ன உயரமும் திருத்தலாம். ஹோவாவில் ஆக்‌ஷன் (போல்ட் ஓடும் உலோக உடல்) திடம், ஆனால் எந்த ஸ்டாக்கில் வருகிறது என்று பாருங்க.

ஸ்டாக்தான் விஷயம். ஒரு தாளை இரண்டாக மடித்துப் பேரலுக்கும் முன்கட்டைக்கும் நடுவில் விட்டு, ஆக்‌ஷன் வரைக்கும் தடையில்லாமல் போகுதா பாருங்க. அதோட விடாதீங்க. முன்கட்டையைப் பேரல் பக்கம் அழுத்திப் பிடிச்சு மறுபடி தாளை ஓட்டுங்க. மெலிசான பிளாஸ்டிக் ஸ்டாக் என்றால் இப்போ மாட்டும். பைபாட் மேல் சாயும்போது இதேதான் நடக்கும். அழுத்தம் குண்டுக்குக் குண்டு மாறினால் விழும் இடமும் மாறும்.

கடைக்காரர் சம்மதிச்சால் இன்னொன்று. பேரலும் ஸ்டாக் நுனியும் சேரும் இடத்தில் விரல் நுனியை வைத்துக்கொண்டு முன் ஆக்‌ஷன் திருகை மெல்லத் தளர்த்தச் சொல்லுங்க. பேரல் எழும்புவது விரலுக்குத் தெரிந்தால் ஆக்‌ஷன் வளைந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம், பெட்டிங் (உலோக உடல் ஸ்டாக்கில் அமரும் பொருத்தம்) சரியில்லை. திரும்ப முடுக்க, அலுமினிய சேஸிஸில் பொதுவாக 7 நியூட்டன் மீட்டர் அளவு. தயாரிப்பாளர் வேறு எண் சொன்னால் அதுதான் கணக்கு.

ட்ரிக்கர் 700 கிராமிலிருந்து 1 கிலோவுக்குள் திருத்த முடியணும், இழுவையில் சொரசொரப்பு இருக்கக்கூடாது. துப்பாக்கி காலியா என்று தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து, விரல் விட்டுத் தடவிய பிறகுதான் இதெல்லாம்.

தோட்டாவைச் சோதிப்பது பற்றி யாருமே இன்னும் பேசலை. துப்பாக்கி வாங்கினதும் மூன்று நான்கு வகை மேட்ச் தோட்டா, வகைக்கு ஒரு பெட்டி வாங்குங்க. ஒவ்வொன்றிலும் 10 குண்டு, ஒரே இலக்கில். மூன்று குண்டு விழுந்த கூட்டத்தைப் பார்த்து முடிவெடுக்காதீங்க, அது அதிர்ஷ்டத்துக்கும் திறமைக்கும் வித்தியாசம் காட்டாது. கூடவே க்ரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வைங்க. வேகத்தில் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் விநாடிக்கு 50 அடி இடைவெளி இருந்தால் 100 மீட்டரில் இரண்டு மூன்று மி.மீ. தான், கண்ணில் படாது. அதுவே 600 மீட்டரில் மேல்கீழாக 10 செ.மீ.க்கு மேல், 1000 கஜத்தில் 30 செ.மீ.க்கு மேல். 100 மீட்டரில் அழகாகக் கூடினது தூரத்தில் ஏன் செங்குத்தாகச் சிதறுது என்ற கேள்விக்கு முக்கால்வாசி இதுதான் பதில். பிடிச்ச தோட்டா கிடைச்சதும் ஒரே லாட் எண்ணில் மொத்தமாக எடுத்து வைங்க. லாட் மாறினால் ஸீரோவும் வேகமும் மறுபடி பார்க்கணும்.

சிறுகாலிபர்

எல்லோரும் 1000 கஜத்தை வைத்துப் பேசுகிறீர்கள், கேட்டவரிடம் இருப்பது 600 மீட்டர். எனக்கு இதில் கருத்து வேறு. 1:7 அல்லது 1:8 ட்விஸ்ட் உள்ள .223-ஐ ஏன் ஒதுக்க வேண்டும்? 77 கிரெய்ன் மேட்ச் குண்டு 600 மீட்டரில் ஒலிவேகத்துக்கு மேலேயே பறக்கிறது. உதைப்பு இல்லாததால் குண்டு விழுவதை ஸ்கோப்பிலேயே பார்க்கலாம், எஃப்-டிஆரிலும் செல்லும். ட்விஸ்டை மட்டும் பேரலில் பொறித்திருப்பதைப் படித்து உறுதி செய்யுங்கள். 1:12 பேரலில் இந்த நீளக் குண்டு நிலைபெறாது. தாளில் வட்ட ஓட்டைக்குப் பதில் பக்கவாட்டில் சாவித்துளை மாதிரி விழும்.

கையில் ஏற்கெனவே .22 பழகியவர் என்பதால் இதையும் சொல்கிறேன். சிஇசட் 457, டிக்கா டி1எக்ஸ் போன்ற ஒன்றில் நல்ல ஸ்கோப் போட்டு 200 மீட்டருக்குப் போங்கள். 50 மீட்டர் ஸீரோவிலிருந்து 8 மில் அருகில் ஏற்ற வேண்டிவரும். அதே 4.5 மீட்டர் காற்று அங்கே 30 செ.மீ.க்கு மேல் தள்ளும். கோண அளவில் இது 6.5 க்ரீட்மோர் 600 மீட்டரில் தள்ளப்படுவதைவிட அதிகம். ஒலிவேகத்துக்குக் கீழே கிளம்பும் தோட்டாவாக எடுங்கள். அதிவேக .22 வழியில் ஒலிவேகத்தைத் தாண்டி இறங்கும்போது கலைந்துவிடும்.

காற்றுமானி

.223 பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், காகித இலக்குக்கு. எஃகுத் தகடு என்றால் 600 மீட்டரில் அந்தச் சின்னக் குண்டு பட்டதா இல்லையா என்று கண்டுபிடிப்பது சிரமம். 1000 கஜம் ஆசை உண்மையாக இருந்தால் என் வாக்கு 6.5-க்கே.

புதுக்கை, துப்பாக்கி வந்ததும்: போர் கைடு (சுத்தக்கோலை நேராகச் செலுத்தும் குழாய்) வைத்து, அறைப் பக்கத்திலிருந்து முனை நோக்கி, ஈரத் துணி ஒன்று, உலர்ந்தது இரண்டு தள்ளித் தொழிற்சாலை எண்ணெயை எடுங்கள். எண்ணெய்ப் பேரலில் முதல் குண்டு வேறிடம் போகும். 100 மீட்டரில் ஐந்து குண்டு, மையத்தை அளந்து ஒரே தடவையில் திருத்தம், மறுபடி ஐந்து. ஒவ்வொரு குண்டுக்கும் டரட்டைத் திருகி அதன் பின்னால் ஓடாதீர்கள். முதல் 100–150 குண்டுகளில் புதுப் பேரலின் வேகம் கொஞ்சம் ஏறுவது சகஜம். ஆகவே குண்டின் பாதையைக் கணிக்கும் பாலிஸ்டிக் செயலியில் பெட்டியில் அச்சிட்ட வேகத்தைப் போடாமல், 150 தாண்டிய பிறகு க்ரோனோகிராஃபில் வந்த சராசரியைப் போடுங்கள். பிறகு 300-இல் சரிபார்த்து, 600-க்குப் போங்கள். 600-இல் செயலி சொன்னதைவிட மேலோ கீழோ விழுந்தால் முதலில் ஸ்கோப்பை 100 மீட்டரில் சோதியுங்கள்: ஒரு மீட்டருக்கும் மேல் உயரமுள்ள தாளில் நூல்குண்டு கட்டி நேர்கோடு வரைந்து, கீழ்ப்புள்ளியில் குறிவைத்து, டரட்டை 10 மில் ஏற்றிச் சுட வேண்டும். சரியாக 100 செ.மீ. மேலே, கோட்டின் மீதே விழ வேண்டும். 97-இல் விழுந்தால் உங்கள் 10 மில் உண்மையில் 9.7, அந்த விகிதத்தைச் செயலியில் எழுதிவிட்டுத்தான் வேகத்தைத் தொட வேண்டும்.