நான்காம் வகுப்பிலேயே மாதவிடாய் பற்றிப் பேச உதவுங்கள்
தோழிகளே, கிராமத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். போன வாரம் என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கழிப்பறையிலிருந்து அழுதுகொண்டே வந்து, “டீச்சர், உள்ளே ஏதோ அறுந்துவிட்டது” என்றாள். 10 வயது. அவளுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அந்த முகம் என் கண்ணைவிட்டு அகலவில்லை.

மார்பு வளரத் தொடங்கி ஏறக்குறைய 2 ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வரும். சிலருக்கு 9 வயதிலேயே வந்துவிடுகிறது. தமிழக அரசின் புதுயுகம் திட்டத்தில் 10 வயது முதல் நாப்கின் தருகிறார்கள், நல்லது. ஆனால் அது எதற்கென்று தெரியாத பிள்ளைக்கு நாப்கின் மட்டும் போதுமா? ஆகவே நான்காம் வகுப்பிலேயே தொடங்கப்போகிறேன். கருப்பை, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்றுவது, துணியென்றால் வெயிலில் உலர்த்துவது, முதல் ஓரிரு ஆண்டுகள் நாள் தவறி வருவது இயல்பு என்பது, எல்லாவற்றையும் என்னால் சொல்ல முடியும். “தீட்டு” என்று மூலையில் உட்காரவைக்கும் வீட்டுக்குத்தானே அவள் திரும்பிப் போகிறாள்! அங்கேதான் தடுமாறுகிறேன்.

அம்மாக்களிடமும் பாட்டிகளிடமும் மனம் நோகாமல் பேசிய அனுபவம் உள்ளவர்கள், முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள். எளிய தமிழில் பட அட்டைகள் இருந்தால் அனுப்புங்கள். பையன்களையும் சேர்த்து உட்காரவைக்கலாமா?